ரன்னுக்குப் பக்கத்தில் பந்தையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இந்திய டெஸ்ட் கிரிக்கெட் பேட்ஸ்மேன் புஜாரா ஓய்வு பெற்ற செய்தியை உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் படித்தேன். 2025 ஆகஸ்ட் 24, ஞாயிற்றுக்கிழமை அவர் அறிவித்தார், திங்கட்கிழமை காலையிலேயே போட்டுவிட்டீர்கள், அதற்கு நன்றி. 103 டெஸ்ட், 7,195 ரன், 19 சதம், சராசரி 43.60, அதிகபட்சம் ஆட்டமிழக்காமல் 206. எல்லா எண்ணும் சரி. ஆனால் அந்த ஆளைப் பற்றி எழுதும்போது முதலில் வர வேண்டிய எண்ணையே காணோம். எத்தனை பந்து ஆடினார்? டெஸ்டில் மட்டும் பதினாறாயிரம் பந்துகளுக்கு மேல். அதை விட்டுவிட்டால், பெயரையும் படத்தையும் எடுத்துவிட்டு வேறு யாரைப் போட்டாலும் செய்தி அப்படியே பொருந்திவிடும்.

அந்த ஒரு நாள் செய்தியோடு போயிருந்தால் நானும் விட்டிருப்பேன். உங்கள் டெஸ்ட் ஸ்கோர் கார்டிலேயே இப்போது பந்து வருவதில்லை. யார் வீசினார், யார் பிடித்தார், எத்தனை ரன், அத்தோடு முடிந்தது. இதில் வேடிக்கை என்னவென்றால் ஐ.பி.எல். நடக்கும் இரண்டு மாதமும் பந்து எண்ணிக்கை தானாக வந்துவிடுகிறது, அதுவும் தலைப்பில், கொட்டை எழுத்தில். குறைந்த பந்தில் அடித்தால் அது செய்தி, நிறைய பந்து நின்றால் அது செய்தி இல்லை என்று யார் முடிவு செய்தது?

நான் தக்கலை, இரணியல் வட்டாரத்தில் நடக்கும் டென்னிஸ் பந்துப் போட்டிகளுக்கு ஸ்கோர் எழுதுகிறவன். பிழைப்பு வேறு, இது ஆசைக்காகச் செய்வது. ஸ்கோர் நோட்டு எழுதுகிறவர்களுக்குத் தெரியும், ரன் வராத பந்துக்கு ஒரு புள்ளி. ஆறு பந்திலும் ரன் இல்லை என்றால் பந்துவீச்சாளர் கட்டத்தில் ஆறு புள்ளியையும் கோடிழுத்துச் சேர்த்து ‘எம்’ என்ற எழுத்தாக்கிவிடுவோம், மெய்டன். எங்கள் ஊர்ப் போட்டிகளில் அந்த ‘எம்’ போடும் வாய்ப்பு ஒரு சீசனுக்கு ஒரு தடவை கிடைத்தால் பெரிது. 2018 ஜனவரியில் ஜோகன்னஸ்பர்க் டெஸ்டை டிவியில் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஓடிய நினைப்பு இதுதான்: இந்த ஆளின் கட்டத்தை எழுதுகிற ஸ்கோரருக்குப் பேனா மை தீர்ந்துவிடும். புஜாரா முதல் ரன் எடுத்தது 54-வது பந்தில். அதற்கு முன் 53 புள்ளிகள். கடைசியில் 179 பந்தில் 50 எடுத்து அவுட். இந்தியா மொத்தமே 187. பந்து ஒன்று எகிறும், அடுத்தது முழங்காலுக்குக் கீழே போகும், அப்படிப்பட்ட ஆடுகளம், நடுவர்கள் ஆட்டத்தை நிறுத்தலாமா என்று பேசும் அளவுக்குப் போனது. இரண்டாவது இன்னிங்ஸில் நம்ம முரளி விஜய் நூறு பந்துக்கு மேல் நின்று 25 எடுத்தார். அந்த டெஸ்டை இந்தியா 63 ரன் வித்தியாசத்தில் ஜெயித்தது. ஸ்கோர் கார்டில் ‘முரளி விஜய் 25’ என்று மட்டும் படிக்கிறவன் என்ன நினைப்பான்? சொதப்பிவிட்டான் என்றுதான் நினைப்பான்.

புதுப் பந்து கட்டியாக இருக்கும், தையல் தூக்கிக்கொண்டு நிற்கும், ஆஸ்திரேலியாவில் ஆடும் கூக்கபுரா பந்து முதல் இருபது இருபத்தைந்து ஓவர் வரைக்கும்தான் வேகப்பந்து வீச்சாளருக்கு நன்றாகக் கைகொடுக்கும், அப்புறம் மெத்தென்று ஆகிவிடும், எண்பது ஓவர் ஆகாமல் அடுத்த பந்து கிடையாது. வீசுகிறவனும் மனுஷன்தான், நாலாவது ஸ்பெல்லுக்கு ஓடி வரும்போது காலையில் இருந்த வேகம் இருக்காது. ஆகவே புஜாரா மாதிரி மூன்றாவதாக இறங்குகிறவன் தின்கிற ஒவ்வொரு பந்தும் ஐந்தாவது, ஆறாவதாக இறங்குகிறவன் கணக்கில் ரன்னாகச் சேர்கிறது. ஆனால் அந்த ரன் பேப்பரில் அடுத்தவன் பெயரில் வரும். புஜாரா பெயரில் வருவது பந்து மட்டும்தான், அதையும் நீங்கள் எடுத்துவிட்டால் அவருக்கு என்ன மிச்சம்?

2018-19 ஆஸ்திரேலியத் தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். 521 ரன், மூன்று சதம், தொடர் நாயகன். எல்லாப் பேப்பரிலும் வந்தது. அந்த நாலு டெஸ்டில் அவர் சந்தித்த பந்துகள் 1,258. அடிலெய்டில் 41 ரன்னுக்கு நாலு விக்கெட் போன பிறகு நின்று 246 பந்தில் 123, மெல்போர்னில் 319 பந்தில் 106, சிட்னியில் 373 பந்தில் 193. ஸ்டார்க், ஹேசல்வுட், கம்மின்ஸ், லயன், அந்தக் காலத்தில் உலகத்திலேயே இதைவிட நல்ல நாலு பந்துவீச்சாளர்கள் ஒரே அணியில் இருந்தார்களா என்றால் சந்தேகம்தான். அவர்களை இருநூறு ஓவருக்கு மேல் தனியாக ஒரே ஆள் வீச வைத்திருக்கிறார். இந்தியா ஆஸ்திரேலியாவில் முதல் முறையாகத் தொடரை வென்றது அப்போதுதான்.

அடுத்த பயணத்தில் ரன் வரவில்லை. சிட்னியில் 176 பந்தில் 50 எடுத்ததற்கு நம்ம ஊர் டீக்கடையில் தொடங்கி வர்ணனையாளர்கள் வரைக்கும் வாங்கிக் கட்டிக்கொண்டார். அதே டெஸ்டின் கடைசி நாளில் என்ன நடந்தது? தொடைத் தசை பிடித்துக்கொண்டு நொண்டிய விஹாரி 161 பந்தில் 23, முதுகு வலியோடு நம்ம அஸ்வின் 128 பந்தில் 39, ரெண்டு பேரும் அவுட் ஆகாமல் ஆட்டத்தைக் காப்பாற்றினார்கள். அன்றைக்கு மட்டும் எல்லோருக்கும் பந்தை எண்ணத் தெரிந்தது! அதே வேலையை இரண்டு நாள் முன்னால் புஜாரா செய்தபோது ‘தடவுறான்’.

அப்புறம் பிரிஸ்பேன். 2021 ஜனவரி 19. அந்த வாரம் தமிழ்ப் பேப்பர்கள் எல்லாம் சின்னப்பம்பட்டி நடராஜனையும் வாஷிங்டன் சுந்தரையும் பக்கம் பக்கமாகப் போட்டன, போட வேண்டியதுதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. பந்த் 89, கில் 91, அதுவும் நியாயம். 1988-க்கு அப்புறம் அதுவரை ஆஸ்திரேலியா அந்த மைதானத்தில் டெஸ்ட் தோற்றதே இல்லை. 328 இலக்கு. புஜாரா 211 பந்தில் 56. பத்துத் தடவையாவது பந்து உடம்பில் பட்டிருக்கும். ஹெல்மெட்டில், நெஞ்சில், விலாவில், விரலில். விரலில் பட்டபோது மட்டையைப் போட்டுவிட்டு மண்டியிட்டு உட்கார்ந்தார், பிசியோ ஓடி வந்தார், கையை உதறினார், எழுந்து மறுபடி ஸ்டான்ஸ் எடுத்தார். ஆடுகளத்தின் ஒரு முனையில் பிளவு இருந்தது, அங்கே விழும் பந்தை மட்டையால் தடுக்கப் போனால் கிளவுஸில் பட்டு கேட்ச் போகும், அதனால் கையைக் கீழே இறக்கிவிட்டு உடம்பில் வாங்கிக்கொண்டார். அவர் அவுட் ஆனது இரண்டாவது புதுப் பந்து எடுத்த கையோடு, கம்மின்ஸ் பந்தில் எல்.பி.டபிள்யூ. அப்போது 228 ரன்னுக்கு நாலு விக்கெட். அதாவது முதல் புதுப் பந்து பழசாகி, அடுத்த புதுப் பந்து வரும் வரைக்கும் ஒரு முனையைப் பூட்டி வைத்துவிட்டுத்தான் போனார். பந்த் மிச்சத்தை அடித்து முடித்தார், மூன்று ஓவர் மீதி இருந்தது. ‘புஜாரா 56’ என்று அச்சாகும்போது இதில் எதுவுமே தெரியாது. ‘புஜாரா 56 (211)’ என்று அச்சானால் பாதிக் கதை அந்த அடைப்புக்குள்ளேயே இருக்கிறது.

உடனே ஒரு கேள்வி வரும், கடைக்கு வரும் பையன்களும் இதைத்தான் கேட்கிறார்கள்: அடிக்கத் தெரியாதவன்தானே நின்றுகொண்டிருப்பான்? சரி, பந்துக் கணக்கையே பாருங்கள். 2019-ல் சையது முஷ்டாக் அலி டி20 போட்டியில் ரயில்வே அணிக்கு எதிராக 61 பந்தில் சதம். 2022-ல் இங்கிலாந்தில் சசெக்ஸ் அணிக்காக ஒருநாள் போட்டிகளில் 79 பந்தில் 107, இரண்டு நாளில் அடுத்த ஆட்டத்தில் 131 பந்தில் 174. சிக்ஸர் எப்படி அடிப்பது என்று தெரியாத மனுஷன் இப்படி ஆட முடியாது. தெரிந்தும் அடிக்காமல் இருந்தார், ஏனென்றால் அன்றைக்கு அணிக்கு வேண்டியது அது. சென்னை சூப்பர் கிங்ஸ் 2021 ஏலத்தில் 50 லட்சத்துக்கு எடுத்தபோது ஏல அறையிலேயே கைதட்டினார்கள், ஆனால் அந்த வருஷம் ஒரு ஆட்டத்தில்கூட இறக்கவில்லை. கோப்பை வந்தது, சரி. கைதட்டியதோடு நிறுத்திக்கொண்டார்கள் என்று எனக்கு இன்னமும் கொஞ்சம் வருத்தம்தான்.

அவர் மேல் குறையே இல்லை என்றும் நான் சொல்லவில்லை. 2019 சிட்னி 193-க்குப் பிறகு அடுத்த சதம் வர 2022 டிசம்பர் ஆகிவிட்டது, சட்டோகிராமில் 102, அதுவும் 130 பந்தில். இடைப்பட்ட காலத்தில் பந்தும் தின்றார், ரன்னும் வரவில்லை, அவுட்டும் ஆனார். 2022 தொடக்கத்தில் அணியில் இருந்து எடுத்தது தப்பில்லை. எடுத்த பிறகு என்ன செய்தார் என்பதுதான் பார்க்க வேண்டியது. வாயைத் திறக்காமல் சசெக்ஸ் போய் இங்கிலாந்தின் இரண்டாம் டிவிஷன் கவுண்டிப் போட்டியில் இரண்டு இரட்டைச் சதம் உட்பட எழுநூறுக்கு மேல் ரன் குவித்து, ஜூலையில் எட்ஜ்பாஸ்டன் டெஸ்டுக்குத் திரும்பி வந்தார். கடைசி டெஸ்ட் 2023 ஜூனில் ஓவலில், உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டம். முதல் இன்னிங்ஸில் கிரீன் பந்தை ஆடாமல் விட்டார், ஸ்டம்ப் போனது, 14. இரண்டாவதில் கம்மின்ஸ் பந்தை ஸ்லிப் தலைக்கு மேலே தூக்கிவிடப் பார்த்து கீப்பரிடம் கேட்ச், 27. வாழ்நாள் முழுக்க விட வேண்டிய பந்தை விட்டு, ஆட வேண்டிய பந்தை ஆடிய ஆள், கடைசியில் ரெண்டையும் மாற்றிச் செய்துவிட்டுப் போனார். எனக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

ராஞ்சியைச் சொல்லாமல் விட முடியாது. 2017 மார்ச், ஆஸ்திரேலியா 451 எடுத்தது, புஜாரா 525 பந்தில் 202. டெஸ்டில் ஒரே இன்னிங்ஸில் ஒரு இந்தியர் இத்தனை பந்து ஆடியது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. டிராவிட் ராவல்பிண்டியில் 495 பந்து ஆடியதுதான் அதுவரை பெரிசு. பதினோரு மணி நேரத்துக்கு மேல். நாகர்கோவிலில் வண்டி ஏறி சென்னை போய்ச் சேர அவ்வளவு நேரம் ஆகும்.

இதெல்லாம் நம்ம மாவட்டத்துக்கு என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இங்கே கடற்கரை ஊர்களில், தூத்தூர் பக்கமோ குளச்சல் பக்கமோ, விளையாட்டு என்றால் கால்பந்துதான். உள்நாட்டில்தான் கிரிக்கெட். கும்பப்பூ அறுவடை முடிந்து வயல் காய்ந்து கிடக்கும் மாசி, பங்குனியில் தொடங்கி, ஜூனில் பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் வரும் வரைக்கும் எங்கள் சீசன். அந்த வயலும் வருஷா வருஷம் குறைகிறது, ஒன்று வாழை வைத்துவிடுகிறார்கள், இல்லை மனை போட்டுவிடுகிறார்கள். மிச்சம் இருக்கும் வயலில் ஆறு ஓவர் ஆட்டம், மிஞ்சினால் எட்டு ஓவர். ஒரு பக்கம் தென்னந்தோப்புக்காரர் சண்டைக்கு வருவார் என்பதால் அந்தப் பக்கம் தூக்கி அடித்தால் அவுட் என்று விதி. முதல் பரிசு ரொக்கமும் கோப்பையும், சில ஊரில் மூன்றாம் பரிசு ஒரு ஏத்தன் வாழைக்குலை.

போன சீசனில் ஒரு அரையிறுதி. எட்டு ஓவர் ஆட்டம், மூன்றாவது ஓவருக்குள் 14 ரன்னுக்கு நாலு விக்கெட். களம் வெடித்துக் கிடந்தது, பந்து வெடிப்பில் விழுந்தால் எங்கே போகும் என்று வீசுகிறவனுக்கே தெரியாது. ரப்பர் பால் வெட்டுத் தொழிலாளி ஒருவரின் மகன் இறங்கினான், காலேஜ் படிக்கிற பையன். வெளியில் இருந்து சொந்த அணிக்காரர்களே ‘லேய், அடி இல்லேன்னா அவுட் ஆயிட்டு வா’ என்று கத்துகிறார்கள். அவன் காதில் வாங்கவே இல்லை. உடம்புக்கு நேரே வருவதைத் தட்டி ஒன்று, வெளியே போவதை விட்டுவிடுவது. 19 பந்தில் 9 ரன், கடைசி வரை அவுட் இல்லை. எதிர்முனையில் நின்றவன் கடைசி மூன்று ஓவரில் நாலு சிக்ஸர் விளாசி நாற்பது தாண்டினான். ஜெயித்தார்கள். ஆட்ட நாயகன் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பேப்பரில் மாவட்டச் செய்தியில் அந்த ஆட்டம் வந்தது, சிக்ஸர் அடித்தவன் பெயர் இருந்தது. இவன் பெயர் இல்லை, சரி, ஒன்பது ரன்னுக்கு யார் பெயர் போடுவார்கள். என் நோட்டில் இவன் கட்டத்தில் பன்னிரண்டு புள்ளி இருக்கிறது, அதில் ஒன்றுகூட வீணான புள்ளி இல்லை என்று நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

எல்லை தாண்டிப் பாருங்கள். 2025 பிப்ரவரியில் கேரளம் முதல் முறையாக ரஞ்சிக் கோப்பை இறுதிக்குப் போனது. குஜராத்துக்கு எதிரான அரையிறுதியில் கேரளத்தின் முகமது அசாருதீன் (பழைய இந்தியக் கேப்டன் இல்லை) 341 பந்தில் 177, அவுட் இல்லை. கேரளம் மொத்தம் 457, குஜராத் 455. கடைசி விக்கெட் பக்கத்தில் நின்ற ஃபீல்டரின் ஹெல்மெட்டில் பட்டுத் தெறித்து ஸ்லிப்பில் கேட்ச் ஆனது. முதல் இன்னிங்ஸில் பெற்ற இரண்டே ரன் முன்னிலையில் இறுதி ஆட்டம். களியக்காவிளையில் இருந்து நாகர்கோவில் வரைக்கும் அன்றைக்கு இதைப் பேசாத கிரிக்கெட் ஆள் கிடையாது. நமக்குப் பக்கத்தில் உள்ள சர்வதேச மைதானம் திருவனந்தபுரம் காரியவட்டம், அங்கே டி20-யும் ஒருநாள் ஆட்டமும்தான் நடந்திருக்கின்றன, டெஸ்ட் நடந்ததில்லை. ஆக, எங்கள் பையன்கள் பொறுமையான ஆட்டத்தைக் கண்ணால் பார்க்க வழியே இல்லை. டெஸ்டை முழுசாக டிவியில் பார்க்கிற பையன் நூற்றுக்கு ஒருத்தன் இருப்பானா? மிச்ச பேருக்கு அது தெரிவது காலையில் பேப்பரில் வரும் ஸ்கோர் கார்டு மூலமாகத்தான்.

அதனால் நான் கேட்பது சின்னது. டெஸ்ட், ரஞ்சி ஸ்கோர் கார்டுகளில் ரன்னுக்குப் பக்கத்தில் அடைப்புக்குள் பந்து எண்ணிக்கையைப் போடுங்கள். ஏஜென்சியில் இருந்து வரும் ஸ்கோரில் பந்துக் கணக்கு இருக்கும் என்றுதான் நினைக்கிறேன், வெட்டாமல் விட்டால் போதும். புஜாராவைப் பற்றியும் ஞாயிறு இணைப்பில் ஒரு தடவை எழுதுங்கள், ராஜ்கோட் பையன் அப்பா அரவிந்த்தின் பயிற்சியில் வளர்ந்து, 2010-ல் பெங்களூருவில் முதல் டெஸ்டிலேயே டிராவிட் இறங்கும் மூன்றாவது இடத்தில் அனுப்பப்பட்டு 72 அடித்ததில் இருந்து. 2020 ரஞ்சி இறுதி ஆட்டத்தில் உடம்பு சரியில்லாமல் 237 பந்தில் 66 எடுத்து சௌராஷ்டிரா முதல் கோப்பையை வெல்லக் காரணமாக இருந்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மாவட்டப் பக்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். மாசியில் எங்கள் போட்டிகள் தொடங்கியதும் ஸ்கோர் விவரத்தைப் பந்து எண்ணிக்கையோடு நானே எழுதி உங்கள் நாகர்கோவில் நிருபரிடம் கொடுத்துவிடுகிறேன். இடம் போதவில்லை என்றால் வெட்டுவதற்கு ஒரு பகுதி இருக்கிறது: பரிசளிப்பு விழாவில் மேடையில் உட்கார்ந்திருந்தவர்களின் பெயர்ப் பட்டியல். போன தடவை அதுவே பதினாறு வரி வந்தது, ஆடியவர்களுக்கு நாலு வரி.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட கால வாசகன்,
தக்கலை, குமரி மாவட்டம்.